போண்டா ஆறிப்போச்சு, கொஞ்சம் பொறுங்க

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்த ஹோட்டலின் முகப்பில் ஒருநாள் காலை பலகை ஒன்றை ஏற்றினார்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. 'இங்கே விளம்பரத் தொல்லை இல்லாத இசை. நாள் முழுதும் பாட்டு மட்டுமே.' நான் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். விளம்பரம் கிடையாது என்பதை ஹோட்டல்காரர் இத்தனை பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறாரே என்று தோன்றியது. என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னாமே சிரிக்கற? பாய் டீக்கட காலியாச்சுன்னா நம்ப கடயும் காலி" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் கடப்பாக்கத்திலிருந்து கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அவர் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதத்துக் கூழ், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் ஒயர் இழுப்பார். கடை என்று தனியாக எங்களுக்குக் கிடையாது. பாய் டீக்கடையை ஒட்டி ஒரு தட்டி மறைப்பு, அதற்குள் ஆம்ப்ளிஃபயர், ஒயர்ச் சுருள், குழாய் ஸ்பீக்கர், பாட்டரி. இடத்துக்கு பாய் வாடகை கேட்டதில்லை. அதற்குப் பதிலாக அவருடைய ரேடியோவை எங்கள் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, கூரைமேல் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டி, பஸ் நிலையம் முழுக்கப் பாட்டு கேட்கும்படி செய்து வைத்திருந்தோம். பாட்டு கேட்க வருகிறவன் ஒரு டீயாவது குடிப்பான் இல்லையா? அவர் வெளியூர் வேலைக்குப் போகும் நாட்களில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை.

சென்னையில் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் இலங்கையைப் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வரும். சென்னையிலேயே இன்னொரு நிலையத்தில் விளம்பரம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் அதில் நாற்றங்காலுக்கு உரம் போடும் முறையைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். வர்த்தக ஒலிபரப்பில்தான் தெளிவாக, அடுத்தடுத்துப் பாட்டு. நடுநடுவே சோப்பு, பல்பொடி, தலைவலித் தைலம், பட்டுப்புடவை.

எனக்கு அந்த விளம்பரங்கள் பிடிக்கும். யாரோ ஒரு பெண் அவ்வளவு சந்தோஷமாகத் துணி துவைப்பாள். அவள் குரலைக் கேட்டால் நமக்கும் ஒரு பக்கெட் துணியை ஊறவைக்கத் தோன்றும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆண்களுக்குத்தான் பொறுக்காது. "சரணம் முடியறதுக்குள்ள சோப்பு விக்க வந்துட்டான்யா" என்று எழுந்து வேட்டியை உதறிக் கட்டுவார்கள்.

எழுந்தவர்கள் இப்போது சாலையைத் தாண்டினார்கள். ஹோட்டல் முதலாளி சென்னையிலிருந்து வந்தவர். பெரிய ரெக்கார்டு பிளேயரும், துணி போர்த்திய மரப்பெட்டி ஸ்பீக்கர்களும், அலமாரி நிறைய இசைத்தட்டும் கொண்டு வந்திருந்தார். ஒரு தட்டு முடிவதற்குள் அடுத்ததைக் கையில் எடுத்து வைத்திருப்பார். டிரைவர்களும் கண்டக்டர்களும்கூட அங்கே போய்விட்டார்கள். பாய் யாரையும் குறை சொல்லவில்லை. கழுவிய கிளாஸையே மறுபடியும் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவன் பாட்டு நிக்காம பாடிகினு கீது, தங்கச்சி" என்றார். "நம்ப ரேடியோ பாட்டுக்கு நடுவுல தைலம் தடவிகினு கீது. எவன் வருவான்?"

எங்களிடமும் இசைத்தட்டுகள் இருந்தன. எல்லாம் கல்யாண வீடுகளில் தேய்ந்தவை. ஒரு மத்தியானம் போட்டுப் பார்த்தோம். ஊசி ஒரே வரியில் மாட்டிக்கொண்டு, காதலன் காதலியின் பெயரைச் சொல்லி முடிக்காமல் திக்கித் திக்கி நின்றான். எதிர் ஹோட்டலில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வீட்டுக்காரர் தட்டை எடுத்து உறைக்குள் போட்டுவிட்டு மறுபடியும் ரேடியோவையே போட்டார்.

அதற்குச் சில நாள் கழித்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. மாமல்லபுரம் பஸ் வழக்கமாக நிற்கும் இடத்தில் வேறொரு பஸ் பழுதாகிக் கிடந்தது. அதனால் மாமல்லபுரம் பஸ்ஸைக் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம் சீர்த்தட்டு, குத்துவிளக்கு, தலையில் பூ சகிதம் பழைய இடத்திலேயே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பப் போகிறது. கூப்பிட்டால் கேட்காத தூரம். ரேடியோவில் பாட்டு முடிந்து பல்பொடி ஆரம்பித்தது. நான் ரேடியோவின் குமிழைக் குறைத்து, மைக்கின் குமிழைக் கூட்டினேன்.

"ஏம்மா, மாபலிபுரம் போற கல்யாண வூட்டுக்காரங்களே! வண்டி அந்தாண்ட சுவத்துக்குப் பின்னால நிக்குது! கெளம்பப் போவுது, ஓடுங்க!"

பஸ் நிலையமே ஒரு கணம் நின்று கூரையைப் பார்த்தது. குடும்பம் அலறியடித்து ஓடியது. பெரியவர் ஒருவர் குத்துவிளக்கைக் குழந்தையைப்போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார். நல்லவேளையாகக் கண்டக்டருக்கும் நான் கத்தியது கேட்டிருக்கிறது, விசிலை ஊதாமல் நின்றார். நான் மைக்கைக் குறைத்து ரேடியோவைக் கூட்டினேன். அடுத்த பாட்டின் முதல் வரி அப்போதுதான் எடுத்திருந்தது. எதுவும் தவறிப்போகவில்லை.

சற்று நேரத்தில் உத்திரமேரூர் வண்டிக் கண்டக்டர் வந்தார். "அக்கா, என் வண்டி கெளம்பறதயும் ஒரு வார்த்த சொல்லிடு. கத்திக் கத்தித் தொண்ட போச்சு" என்றார். பிறகு பூக்கார அம்மா வந்தாள். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் வந்தார். ரேடியோவில் விளம்பரம் வரும்போதெல்லாம் அதைத் தணித்து நான் பேச வேண்டும் என்று ஆகிவிட்டது.

எனக்கு அப்போது ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. ரேடியோக்காரர்களைப்போலப் பேச வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். மறுநாள் மைக்கில், "அன்பார்ந்த பயணிகளே! சுவையும் மணமும் மிக்க போண்டாவுக்கு நாட வேண்டிய இடம்..." என்று இழுத்துப் பேசினேன். ஒரு ஆள்கூடத் திரும்பவில்லை. பெஞ்சிலிருந்த ஒருவர், "இதுவும் சென்னை விளம்பரந்தான் போல" என்று கொட்டாவி விட்டார்.

வீட்டுக்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "யார்கிட்டமே பேசற நீ? கடப்பாக்கத்துல கூடைய எறக்கி வெச்சிகினு மீன் விப்பியே, அப்பிடி பேசு."

கல்யாணத்துக்கு முன்னால் நானும் அம்மாவும் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்றவர்கள். அம்மாவுக்கு ஒரு பழக்கம். மீன் நேற்றையது என்றால் கேட்காமலே சொல்லிவிடுவாள். "இது கொயம்புக்கு ஆவாது, காரம் தூக்கலா போட்டு வறுத்துக்கோ" என்பாள். அதனால் அவள், "சங்கரா இப்பத்தான் வலையிலேர்ந்து வந்துகினு கீது" என்று சொன்னால் யாரும் செவுளைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். அந்தக் குரல்தான் எனக்குத் தெரிந்த குரல்.

அன்று சாயங்காலம் பாட்டு முடிந்து சோப்பு வந்தது. நான் குமிழைத் திருகினேன். தட்டில் கிடந்த போண்டாவைப் பார்த்தேன். எண்ணெய் உறைந்து பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"பாய் கடையில போண்டா கீது. ஆனா ஆறிப்போச்சு, இப்ப வாங்காதீங்க. கொஞ்சம் பொறுங்க, அடுத்த ஈடு எண்ணையில கீது. ஆனதும் நானே கூப்புடறேன்."

பாய் கையில் சல்லிக்கரண்டியோடு தட்டி மறைப்புக்குள் பாய்ந்து வந்தார்.

"இன்னா தங்கச்சி, என் கடையில குந்திகினே என் போண்டாவ ஆறிப்போச்சுன்ற? எதிர்க் கடக்காரன் உனக்கு நாஸ்தா வாங்கிக் குடுத்தானா?"

"ஆறித்தான பாய் கீது?"

"ஆறிப்போனா ஆறிப்போச்சுன்னு மைக்லயா சொல்லுவாங்க!"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். எனக்குப் பாயைப் பார்க்கச் சிரிப்பு வரவில்லை. இடம் கொடுத்த மனிதர், ஒரு நாளும் முகம் சுளிக்காதவர். அவர் திரும்பிப் போய்க் கோபத்தையெல்லாம் கரண்டியில் காட்டி அந்த ஈட்டைப் பொரித்து எடுத்தார். ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடியட்டும் என்று மைக்கைப் பிடித்துக் காத்திருந்தேன். கடைசி வாத்தியம் ஓய்ந்ததும் சொன்னேன்:

"இப்ப வாங்க! போண்டா எறங்கிடுச்சு. வாய் சுடும், ஊதித் துன்னுங்க!"

முதலில் ஒரு லாரி டிரைவர் எழுந்தார். அவர் பின்னால் காலேஜ் பிள்ளைகள். எதிர் ஹோட்டலிலிருந்தும் ஆட்கள் சாலையைத் தாண்டி வந்தார்கள். "ஆறிப்போனத ஆறிப்போச்சுன்னு சொன்ன அம்மா எங்க?" என்று ஒருவர் தட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். அந்த ஈடு தட்டில் விழுந்த வேகத்தில் காணாமல் போனது. பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு கிளாஸில் ஆடை மிதக்கும் டீயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. பூக்கார அம்மாவின் மல்லி வாடியிருந்தால், "இன்னிக்கு மல்லி வேணா, கனகாம்பரம் வாங்குங்க" என்பேன். மதுராந்தகம் வண்டியில் உட்கார இடமில்லை என்றால் அதையும் சொல்வேன். ஜனங்கள் ரேடியோவில் பாட்டு முடிவதற்குக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். முன்பு விளம்பரம் வந்தால் எழுந்து போனவர்கள் இப்போது அது வந்ததும், "உஷ், அக்கா பேசப் போவுது" என்று பக்கத்தில் இருப்பவரை அடக்கினார்கள். எதிர் ஹோட்டலில் பாட்டு நிற்காமல் ஓடியது. ஆனால் பஸ் எப்போது கிளம்புகிறது என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்து ரசித்தவர்களில் சிலர் வண்டியைத் தவறவிட்டுவிட்டு இங்கே ஓடிவந்து என்னிடம் சண்டை போட்டார்கள். "நான் சொன்னேனே, நீங்க எங்க குந்திகினு இருந்தீங்க?" என்பேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஒருநாள் மத்தியானம் காற்றும் சேர்ந்துகொண்டது. எங்கேயோ மின்கம்பி அறுந்து மின்சார ரயில் நின்றுபோனது. ஜங்ஷனில் மாட்டிக்கொண்ட கூட்டம் முழுக்க நனைந்துகொண்டே பஸ் நிலையத்துக்கு வந்தது. ஆபீஸ்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள். எந்த வண்டி ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து ஊரிலும் கரண்ட் போனது. எதிர் ஹோட்டல் இசைத்தட்டில் பாடிக்கொண்டிருந்த பாடகியின் குரல் மெதுவாகி, கனத்து, ஆண்குரலாகி, எருமை கத்துவதுபோல இழுத்து நின்றது. எங்கள் ரேடியோவும் அணைந்தது.

பஸ் நிலையத்தில் மழைச் சத்தமும் ஜனங்களின் கூச்சலும் மட்டும்தான். வீட்டுக்காரர் நொடியில் பாட்டரியை இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தார். கல்யாண ஊர்வலத்துக்கு வைத்திருந்த பாட்டரி.

"பேசுமே. இன்னிக்கு உன்னோட கச்சேரிதான்" என்றார்.

பாட்டே இல்லாமல் நான் பேசிய ஒரே நாள் அது. கண்டக்டர்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து என் காதில் சொல்ல, நான் மைக்கில் சொன்னேன். "தாம்பரம் போறவங்க முன்னால நிக்கற வண்டிக்குப் போங்க. காஞ்சிபுரம் வண்டி வந்துகினு கீது, மெதுவா வரும், பயப்படாதீங்க. புள்ளத்தாச்சிங்க பாய் கடைக்குள்ள வந்து குந்துங்க, பெஞ்சுல கீற ஆம்பளைங்க எழுந்திரிங்க." பெஞ்சிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். பச்சைச் சேலை கட்டிய பெண்ணைத் தேடி ஒருவர் வந்தார். அவள் அவருடைய மனைவி. கூட்டத்தில் பிரிந்துவிட்டார்களாம். நான் சொன்னதும் பச்சைச் சேலைக்காரிகள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். அந்த மழையிலும் ஜனங்கள் சிரித்தார்கள். அவர் வெட்கத்தோடு தன்னுடையவளை அழைத்துக்கொண்டு போனார்.

பாயிடம் பால் தீர்ந்தது. மாவும் தீர்ந்தது. ஜனங்கள் பசியோடு நின்றார்கள். அப்போது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் தண்ணீரில் இறங்கிச் சாலையைத் தாண்டி வந்தார். எதிர் ஹோட்டல் முதலாளி. முதன்முறையாக எங்கள் பக்கம் வருகிறார்.

"அம்மா, ஒரு அண்டா சாம்பார் சாதம் சூடா இருக்கு. மேசையெல்லாம் காலியா கிடக்கு. நான் கத்தினா யாருக்கும் கேக்கலை. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

நான் பாயைப் பார்த்தேன். கடை அவருடையது.

"சொல்லு தங்கச்சி" என்றார் பாய். "ஜனம் பசியா கீது. இதுல அவன் கட இன்னா, நம்ப கட இன்னா."

"சொல்றேன். ஆனா துன்னு பாக்காம சொல்ல மாட்டேன்" என்றேன்.

முதலாளி துண்டை உதறி மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு அவரே ஓடிப்போய் வாழை இலையில் மூடி ஒரு கை சாதம் கொண்டுவந்தார். தின்று பார்த்தேன். மைக்கை எடுத்தேன்.

"எதிர் ஹோட்டல்ல சாம்பார் சாதம் கீது. ஆவி பறக்குது. உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனா இந்த மழைக்கும் பசிக்கும் அமுர்தமா எறங்கும். எல்லாரும் போங்க, உள்ள எடம் கீது!"

உப்பு என்றதும் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கூட்டம் அப்படியே திரும்பியது. குடைகளும் துண்டுகளும் செருப்பைக் கையில் தூக்கியவர்களுமாகச் சாலை நிறைய ஆட்கள் போனார்கள். சிறிது நேரத்தில் அங்கிருந்து ஓர் ஆள் வெளியே வந்து, எங்கள் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கி, "ஆமாங்கா, உப்பு தூக்கல்தான்! நல்லா கீது!" என்று கத்தினார். கூரைக்கு அடியில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஓவென்று கத்திச் சிரித்தார்கள். நான் அன்று மாதிரி என் வாழ்க்கையில் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. இடுப்பிலிருந்து கழுத்துவரை எலும்பு ஒவ்வொன்றும் நேராக நின்றதுபோல இருந்தது.

மறுநாள் முதலாளி மறுபடியும் வந்தார். "உப்பு ஜாஸ்தின்னு சொன்னீங்க. ஒருத்தர்கூடத் திரும்பிப் போகலை, அண்டா காலி" என்று ஆச்சரியத்தோடு சொன்னார். "சமையல்காரரை உப்பைக் குறைக்கச் சொல்லிட்டேன். இனிமே தினமும் என் கடையையும் சேர்த்துச் சொல்லணும்."

"தெனமும் துன்னு பாப்பேன்" என்றேன்.

"பாருங்க" என்றார்.

அவர் பாட்டை விடவில்லை. எதற்கு விட வேண்டும்? நல்ல பாட்டுகள். ஆனால் எங்கள் ரேடியோவில் விளம்பரம் வரும் நேரம் பார்த்து அவரே எழுந்து தன் ரெக்கார்டு பிளேயரின் சத்தத்தைக் குறைப்பார். அவருடைய வாடிக்கையாளர்கள் நான் பேசுவதைக் கேட்க வேண்டுமே. சாலையின் இரண்டு பக்கமும் பாட்டு தணிந்து, நடுவில் என் குரல் போகும்.

அடுத்து வந்த மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரை வியாபாரிகள் மைக் செட் பேச வந்தார்கள். வீட்டுக்காரர் வழக்கம்போல ஸ்பீக்கர் எத்தனை, எத்தனை மணிக்கு என்று ஆரம்பித்தார். வந்தவர்களில் வளையல் கடைக்காரர் இடைமறித்தார். "ஸ்பீக்கர் யார் வேணாலும் கட்டுவாங்க அண்ணாத்த. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல பேசுதே அந்த அம்மா, அது வரணும். அது வந்தாத்தான் செட்டு" என்றார். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பெருமையை இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கேட்கலாம் போலிருந்தது, அவ்வளவு பிடித்திருந்தது.

மாசி மகத்தன்று விடிந்ததும் கடற்கரை முழுக்க ஜனம். இருளர் குடும்பங்கள் முந்தின நாளே வந்து மணலில் குடில் போட்டிருந்தார்கள். சேலையைக் கட்டித் தடுத்த குடில்கள். வளையல், பொரி, கல்லில் செதுக்கிய சின்னச் சின்ன யானைகள், கரும்பு. எங்களுக்கு ஒரு மேசையும் குடையும் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு ஸ்பீக்கரை ஊரைப் பார்த்தும் ஒன்றைக் கடலைப் பார்த்தும் கட்டினார் வீட்டுக்காரர். ஒவ்வொரு கடைக்கும் நான் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பேசினேன். கல் யானை விற்பவரிடம், "தும்பிக்கை ஒடஞ்சத தனியா வெச்சிரு, அதயும் சொல்லுவேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தார். பாட்டு, பிறகு நான், பிறகு பாட்டு. வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. என் தொண்டை ஓயவில்லை.

மத்தியானம் கட்டுமரம் ஒன்று கரையேறியது. வலையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு பேர் ஈர மணலில் கால் புதைய நேராக என் மேசைக்கு நடந்து வந்தார்கள். உப்புத்தண்ணீர் சொட்டியது.

"அண்ணி, சுண்டல் இப்பத்தான் எறங்கிச்சு, தேங்கா நெறய கீதுன்னு சொன்னியே, அது எந்தக் கட?" என்று கேட்டார் பெரியவர்.

"கடல்லயா கேட்டுச்சு?"

"அலைக்கு அந்தாண்ட வரைக்கும் கேட்டுச்சு. இவன் துடுப்ப போட்டுட்டு, கரைக்கு வுடுன்னு ஒரே அடம்."

சுண்டல் கடையைப் பார்த்தேன். கடைசி ஈடு தீரப்போகிற நிலை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதல்முறையாக ஒரு பாட்டை அது முடியும் முன்னாலேயே தணித்துவிட்டு மைக்கை எடுத்தேன்.

"சுண்டல் கடைக்காரரே, கொஞ்சம் எடுத்து வெய்யுங்க! கடலுக்குள்ளேர்ந்து கிராக்கி வந்துகினு கீது!"

கரை முழுக்கச் சிரிப்பு எழும்பியது. கூட்டம் விலகி வழிவிட, அந்த இரண்டு பேரும் மாப்பிள்ளைகள்போல நடந்து போனார்கள்.